சிவப்புத் தூணுக்குள்ளே

என் மகள் ஐந்து காலணிக் கடைகளைக் கட்டி மேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பேருந்து நிலையக் கடை மேலாளரை வேலையைவிட்டுத் தூக்கும் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பல்லழகர். மனிதர் தூங்கும்போதுகூடச் சிரிப்பார் போல.

அவ்வளவு பல்லைக் காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது, காலமெல்லாம் சுங்கத் துறையில் பிறத்தியார் பெட்டியைக் கிளறிய என் தீர்ப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திரையில் கடைக்கொரு தூண். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த காலணிகளின் மொத்தம் அது. நாலு தூண்கள் எறும்புப் புற்று மாதிரி. பல்லழகருடையது மட்டும் சிவப்பாக, கூரையைப் பிய்த்துக்கொண்டு, போகிற விமானத்தை ஒதுங்கச் சொல்லும் உயரத்தில் நின்றது.

"பாருங்கப்பா, பாதி ஊர் திருப்பிக் குடுக்குது. என்ன சார்னு கேட்டா சிரிக்கிறார்."

"சிரிக்கிறானா? அப்ப சந்தேகமே இல்ல, திருட்டுப்பயதான்!" என்றேன் குஷியாக.

ஆனால் மூடின பெட்டியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. சிவப்புத் தூணின் மேல் இரண்டு தட்டு தட்டினேன். அது வயிறு பிளந்து உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டியது. ஜோடிக்கு ஒரு வரி.

"அப்பா! எதையாவது கலைச்சுத் தொலைக்காதீங்க!"

"ஏம்மா, பள்ளிக்கூட ஷூவெல்லாம் விக்கிறானா உன் பல்லழகன்?"

"இல்லையே. அது பூங்காக் கடையில மட்டும்தான்."

"அப்ப இவன் வயித்துக்குள்ள எப்படி வந்துச்சு, இத்தனை?"

மகள் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம் என்பது அவர்கள் விதி. அறிக்கையோ, திருப்பி வாங்கிய கடையின் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டியிருந்தது. 'திருப்பி வாங்கிய கடை' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 'விற்ற கடை' என்பதை இழுத்து அங்கே போட்டாள். பல்லழகர் சுருங்கி எறும்பானார். பூங்காக் கடை ஆகாயத்துக்குக் கிளம்பியது.

"ஐயையோ, சிறந்த மேலாளர்னு பூங்காக் கடைக்காரிக்குத்தானே கேடயம் குடுத்தேன்! இவர் இடத்தையும் அவகிட்டயே குடுக்கலாம்னு இருந்தேனே... ஆனா அவ கடைச் சரக்கு ஏன் இவர்கிட்ட வந்து குவியுது?"

"கேட்டுட்டாப் போச்சு" என்று பூங்காக் கடைக்குப் போனைப் போட்டேன். அந்தப் பெண்ணே எடுத்தாள். மகளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஏம்மா, பேரனுக்கு உங்ககிட்ட வாங்கின ஷூ கடிக்குது. திருப்பித் தர வரட்டுமா?" என்றேன். எனக்குப் பேரனே கிடையாது.

மறுமுனையில் தேன் ஒழுகியது. "அச்சச்சோ, இங்க மெஷின் ரிப்பேர் சார். பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போங்க. அங்க ஒருத்தர் எதைக் குடுத்தாலும் சிரிச்சுக்கிட்டே வாங்கிப்பார்."

"மெஷின் எப்போலேர்ந்து ரிப்பேர்?" என்று கேட்டது நானில்லை, என் மகள். மறுமுனையில் டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

கடிதத்தை அழித்தாள். "நாளைக்கு நேர்ல போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்பா."

"கேளு, கேளு. ஆனா மத்த மூணு தூணையும் நாம இன்னும் தட்டிப் பாக்கலையே" என்று விரலை நீட்டினேன்.

மகள் மடிக்கணினியைப் பட்டென்று மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற அப்பனையே சந்தேகப்படுகிறாள்!