சூசைதாசனுக்கு ஒப்புக்கொடுத்த பூசை

1986 மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலையில் நின்ற சூசைதாசன் இறந்துபோனார். ஷிப்ட் முடிய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்ததால் நின்று முடித்துக் கொடுத்துவிட்டே அறைக்குப் போனார்.

பிழை மன்னாரில் நடந்தது. அவர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய மறுநாள் புறப்பட்ட வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. அதில்தான் அவரும் போனார் என்று ஊர் முடிவுகட்டியது. இந்தியாவிலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்து அவர் போட்ட கடிதங்கள் சண்டைக்குள் எங்கோ தொலைந்தன. மனைவி இம்மாகுலேற் ஒன்றரை வருடம் பார்த்திருந்துவிட்டு மரித்தோர் பூசை ஒப்புக்கொடுத்தாள். முப்பத்தோராம் நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடும் கொடுத்தாள். எல்லாம் முறைப்படி, முழு விசுவாசத்தோடு நடந்தபடியால் பூசை பலித்துவிட்டது.

அன்றிலிருந்து சூசைதாசனுக்குத் தேநீர் சுடவில்லை, மார்கழிப் பனி குளிரவில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், அகப்படவில்லை, பனடோல் எழுதிக் கொடுத்தார். அந்த நாளில் அந்தப் பக்கம் குடியேறியிருந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்பதே ஒன்பது. ஞாயிறு இரண்டு மணிக்குக் கோயில் மண்டபத்தை இரவல் வாங்கித் தமிழ்ப் பூசை வைத்தார்கள். சனம் இருக்கக் கதிரை அடுக்க, பீடம் தூக்க, களைக்காத ஒருவர் கிடைத்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். புது இடத்தில் வேர் விடுகிற சனத்துக்கு ஆள்தான் முக்கியம், உயிர் இரண்டாம் பட்சம்.

மறுவருடம் அவர் போட்ட ஒரு கடிதம் எப்படியோ மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தது. பதிலோடு அவருடைய நினைவு அட்டையும் வந்தது. தன் படத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழவேண்டிய இடம் என்பது மட்டும் விளங்கியது. இம்மாகுலேற் வந்து தொட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்று நம்பி, நாலு வருடம் விசாவுக்கு அலைந்தார்.

1991இல் அவள் வந்தாள். ஹீத்ரோவில் அவர் கையைப் பிடித்தாள். ஒன்றும் திரும்பவில்லை. அதைவிடப் பெரிய இடி, அவள் அவரோடு வீட்டுக்கு வர மறுத்து, வால்தம்ஸ்டோவில் தெரிந்த ஒரு குடும்பத்தோடு போய்த் தங்கியது. அவருக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் உலகத்தில் அவரை இன்னாரென்று சொல்ல ஆளில்லை. தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியார் அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்.

“சாகுமட்டும் எண்டுதான் சுவாமி நான் வாக்குக் குடுத்தனான். அது முடிஞ்சுது. முப்பத்தொண்டும் குடுத்திட்டன். இவரோட இருக்கிறதெண்டால் திரும்பக் கட்டிவையுங்கோ.”

கட்டியவர்களைத் திரும்பக் கட்டிவைக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை, செத்தவருக்குக் கட்டிவைக்கவும் இடமில்லை. சுவாமியார் புத்தகங்களை எட்டு மாதம் புரட்டினார். கடைசியில் மூடி வைத்துவிட்டு நாள் குறித்தார்.

1992 வைகாசியில் இரண்டு மணிப் பூசைக்குப் பிறகு கலியாணம். கதிரைகளை மாப்பிள்ளையே அடுக்கினார். வாக்குக் கொடுக்கும்போது, ‘மரணம் பிரிக்குமட்டும்’ என்ற இடத்தில் சுவாமியாருக்கு வாய் நின்றுவிட்டது.

“அதை விடுங்கோ சுவாமி,” என்றாள் இம்மாகுலேற். “அதுக்குப் பிறகும் எண்டு சொல்லுங்கோ.”

சுவாமியார் அப்படியே சொன்னார். சூசைதாசன் ஓம் என்றார். விரலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மோதிரம் ஏறிவிட்டதா என்று மெல்லக் கேட்டார்.

“ஓமப்பா,” என்றாள் அவள். “ஏறீட்டுது.”