பாசி தின்னாத மீன்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் கிளம்பியது. சென்னையில் பத்திரிகை நடத்தும் நண்பர், கண்ணாடித் தொட்டியில் பாசி பிடித்தால் எந்த மீனை விடலாம், எந்த நத்தையை விடலாம் என்று பயனுள்ளதாக எழுதித் தரச் சொன்னார். மலாவி ஏரிக்கரையில், சலீமா என்ற ஊரில், இத்தனை வருடம் மரக்கடை வைத்திருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது என்பது அவர் நினைப்பு. உட்கார்ந்தேன்.

'பாசியைக் கட்டுப்படுத்தும் உயிரினங்களில் முதலாவதாக நாம் கவனிக்க வேண்டியது—'

அதற்குமேல் ஓடவில்லை. எஸ்நாத் ஞாபகம் வந்து எரிச்சல் மூண்டது. பயனுள்ள கட்டுரையை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

2

'எஸ்நாத் ஓர் எளிய சாப்பாட்டுக்கடைக்காரி' என்று எழுதி அடித்துவிட்டேன். எளிமையாவது ஒன்றாவது! அவள் அடுப்படியில் கத்தினால் பேருந்து நிலையத்தில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். கடையில் பாதி அவளுடையது, மறுபாதி புருஷனின் அண்ணன் வைசனுடையது.

ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் நீல மீன்கள். ஏரிக்குள் முங்கி, பாறை இடுக்கிலிருந்து அவளே பிடித்து வந்தவை. பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்றே வாழ்கிற சாதி. ஆகவே தன் தொட்டியில் பாசி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டாள்.

பாசி பிடித்தது. உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் பிடித்தது.

3

(கட்டுரை என்றால் இங்கே 'வெயில்', 'அளவுக்கு மீறிய உணவு' என்று எழுதிவிட்டுப் போகலாம். அந்த உணவு எப்படி உள்ளே போனது என்பதில்தான் கதை இருக்கிறது.)

பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுக்காமல் அந்த ஊரில் யாரும் சாப்பிட மாட்டார்கள். இந்த மீன்களோ, ஆள் தலை தெரிந்தாலே கண்ணாடியை ஒட்டி வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். லாரி ஓட்டும் கச்சாலேயால் ஒரு நாள் தாங்க முடியவில்லை.

"வாயப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்குதுங்க. நான் மட்டும் எப்படி முழுங்குறது?" என்று மக்காச்சோளக் களியில் ஒரு துளி கிள்ளித் தொட்டிக்குள் போட்டான். அவன் தட்டில் வறுத்த மீன் கிடந்தது. அது அவனுக்கு உறுத்தவில்லை. (எனக்கு உறுத்துகிறதா என்று கேட்காதீர்கள்.)

பிறகு எல்லோரும் போட்டார்கள். வயிறு நிறையக் களி கிடைக்கும்போது எந்த மீன் கண்ணாடியைச் சுரண்டும்? மிச்சம் அடியில் அழுகியது. ஜன்னல் வெயிலும் சேர்ந்து பாசியைக் கொழுக்கவைத்தது.

4

வைசன் களத்தில் இறங்கினார். எஸ்நாத் அவரை 'அலமு' என்பாள்.*

முதலில் இறால் குஞ்சுகளை வாங்கி வந்தார். நீல மீன்கள் அன்றைக்கே அவற்றைத் தின்று தீர்த்தன. அடுத்து நத்தைகள். மீன்கள் கொம்பைக் கடித்ததில் அவை ஓட்டுக்குள் போனவை போனவைதான். கடைசியாக, கண்ணாடியை நக்குவதில் பேர்போனது என்று தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஓர் அயல்நாட்டு மீன் வந்தது. கொஞ்ச நாள் உண்மையாகவே நக்கியது. அதற்குள் கச்சாலே, "வெளியூர்க்காரன், பாவம், மொத வாய் அவனுக்குத்தான்" என்று களியை உருட்டிப் போட்டான். அதுவும் விருந்தாளி ஆகிவிட்டது.

கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது வைசன் தீர்ப்புச் சொன்னார். "வேல செய்யாததுக்கு எதுக்கு எடம்? வெள்ளிக்கிழம உன் நீல மீன் அத்தனையையும் வறுத்துரு. பாசிய நான் பாத்துக்கறேன்."

"வேல செய்யாததயெல்லாம் வறுக்கணும்னா மொதல்ல உங்களத்தான் எண்ணெயில போடணும், அலமு. என்ன, சட்டி பத்தாது."

கடையே சிரித்தது. வைசனும் சிரித்தார். ஆனால் வெள்ளிக்கிழமையை வாபஸ் வாங்கவில்லை.

* அங்கே புருஷனின் அண்ணன், கொழுந்தன், மச்சான், மைத்துனி எல்லோரையும் கூப்பிடுவது இப்படித்தான். என்ன கேலி பேசினாலும் கோபப்படக் கூடாது என்ற உறவு. நம் ஊர் அலமேலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

5

மறுநாள் எஸ்நாத் பாவாடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தொட்டியை முழுக்க மூடிவிட்டாள். இனி வெயில் இல்லை. மீன் கெஞ்சுவது யாருக்கும் தெரியாது. பசித்தால் பாசியைத்தான் சுரண்டியாக வேண்டும். கெட்டிக்காரி என்று நினைத்து உடனே ஒரு முடிவு எழுதினேன்:

'துணியை விலக்கினாள். கண்ணாடி பளபளவென்று—'

அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவள் பேசியதைக் கேட்டவனுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

அன்று அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வைசன் தொட்டி அருகே வந்து நின்றார். "துணிய எடு. சுத்தமா இருந்தா உசுரோட இருந்துட்டுப் போகட்டும்."

"எடுக்க மாட்டேன்."

"ஏன், பாசி அப்பிடியேதான் இருக்கா?"

"சுத்தமாவே இருக்கட்டும், அப்பவும் எடுக்க மாட்டேன். இன்னிக்கு சுத்தம்னு காட்டிப் பொழைக்க வச்சா, அடுத்த மாசம் பாசி புடிச்சதும் மறுபடி சட்டியத் தூக்கிட்டு வருவீங்க. பாசியத் தொடைக்க எனக்குக் கையிருக்கு. அதுங்க என் மீனு. அதுங்க ஒரு வேலையும் செய்ய வேணாம்."

அந்தப் பேச்சில் 'அலமு' இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கச்சாலே தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றான்.

வைசன் துணியின் நுனியைப் பிடித்தார். எஸ்நாத் அவர் கையின்மேல் தன் கையை அழுத்தி வைத்தாள்.

6

நான் அங்கேதான் இருந்தேன். துணிக்கு அடியில் கண்ணாடி எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நண்பர் கட்டுரைக்குப் பதில் இதை அச்சிடாவிட்டாலும் சொல்ல மாட்டேன்.

எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கிறது. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வைசன் கையை எடுத்துவிடலாம், எஸ்நாத் கடையை இரண்டாகப் பிரிக்கலாம், எதுவானாலும் எனக்குச் சம்மதம். துணியை மட்டும் தூக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டுத்தான் அந்த மீன்கள் பிழைக்கலாமா என்று சொல்வேன் என்றால், வைசனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள்.