அடியில் பிடிக்காத வெல்டிங்

நீ தூங்கியிருப்பாய், டெஸ், காலையில்தான் இதைப் படிப்பாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமாக இருக்கிறது.

தீயணைக்க வைத்திருக்கும் எங்கள் தண்ணீர் டிரெய்லரின் இழுவைக் கம்பி விரிசல் விட்டுவிட்டது. அந்த டிரெய்லர் வயலில் நிற்காமல் கோதுமை அறுக்கக் கூடாது, உனக்கே தெரியும். ஒரு பொறி போதும், மெரெடின் ஊர் வரை எரியும். அப்பாவின் வலது கை மெஷின் பெல்ட்டில் மாட்டிக் கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் வெல்டிங் என் தலையில் விழுந்தது. நாளை அதை இழுத்துப் போகப்போகிறவன் தம்பி லாக்கி. பின்னால் தொட்டி நிறையத் தண்ணீர். ஓடைச் சரிவில் வெல்டிங் விட்டுவிட்டால் டிரெய்லர் வண்டியை இடித்துக் கவிழ்த்துவிடும்.

மதியம் ஆரம்பித்தேன். வெல்டிங் கன்னை அழுத்தினால், உருகி ஒட்டவேண்டிய மெல்லிய கம்பி கொஞ்சம் வரும், நிற்கும், திக்கித் திக்கி மறுபடி வரும். பாதித் தூரம் அப்படியே ஒட்டினேன்.

"ரோலர இறுக்குடீ," என்றார் அப்பா.

கம்பியைத் தள்ளிவிடும் அந்த உருளையை இறுக்கினேன். மெஷினுக்குள்ளேயே கம்பி கொத்தாகச் சுருண்டுகொண்டது.

"அக்கா, நூடுல்ஸ் ரெடியா?" என்றான் லாக்கி.

"வாய மூடிட்டுப் போடா!"

வெட்டி எறிந்து மறுபடி கோத்தேன்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு."

"ப்பா, இறுக்க இறுக்கத்தான் சிக்குது!"

"அப்ப தளர்த்து."

தளர்த்தினால் ரோலர் சும்மா சுற்றியது, கம்பி அசையவில்லை. கன்னின் நுனியை மாற்றினேன். அதே திக்கல். கையுறையைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். அழுகை வந்தது, எரிச்சலில்தான்.

கடைசியில் கன்னையே கழற்றி, கம்பி ஓடும் உள்குழாயை உருவித் தரையில் தட்டினேன். பொலபொலவென்று செம்மண் கொட்டியது. மண்குளவிக் கூடு! குளிர்காலத்தில் கன்னைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் அப்பா. குழாய் வாயில் துணி அடைக்க மறந்திருக்கிறார். இந்த ஊரில் துணி அடைக்காத ஓட்டை குளவிக்குத்தான்.

"உள்ள குடும்பமே நடத்தியிருக்கு. வாடகை வாங்குனீங்களா?"

"சரி சரி, பேசாம வேலையப் பாரு. பொழுது சாயுது. மேலயே ஒரு ஓட்டு ஓட்டிவிடு."

குழாயை ஊதி மாட்டியதும் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. திக்கி ஒட்டியதன் மேலேயே ஓட்டினேன். அழகான கோடு. அப்பா காலால் இரண்டு உதை விட்டார்.

"ம்... எங்கிட்டப் படிச்சவ!"

"அடியில பிடிக்கலப்பா. மேல மட்டும்தான் நல்லாருக்கு."

"உனக்கு எதைப் பாத்தாலும் பயம். சாப்பிட வா."

போகவில்லை. இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து, போட்ட வெல்டிங்கையெல்லாம் அறுத்தேன். சத்தம் கேட்டு அப்பா கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? விடிஞ்சா அறுப்பு!"

பழைய பாதி, விரலால் உரிக்கும் அளவுக்குக் கழன்று வந்தது. அதை அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடியிலிருந்து மறுபடி ஒட்டினேன்.

இந்த முறை பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' போதுமா, டெஸ்?

வண்டிச் சாவியை லாக்கியிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். "என் முறைதான்க்கா," என்று குதித்தான். நாளை அந்தச் சரிவில் நான்தான் இறக்கப்போகிறேன்.