பொன்னாடைக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

அது தொண்ணூற்றேழா, தொண்ணூற்றெட்டா என்று எனக்கு நிச்சயமில்லை. பொன்னாடை பச்சையா நீலமா என்பதில் என் மனைவி வான்மதியும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள ரிச்சர்ட்சனில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய பொங்கல் விழா என்பது மட்டும் உறுதி.

வெள்ளியங்கிரி என்னோடு டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்தவன். கிட்டாரில் தனியாளாக ப்ளூஸ் வாசிப்பான். மிசிசிப்பிப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள், பக்கவாத்தியத்துக்கு ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே கையில் ஏற்றிக்கொண்ட வாசிப்பு அது என்பான். கட்டைவிரல் தாளம் போட, மற்ற விரல்கள் ராகம் பேசும். ஒரு வரி பாடினால் கிட்டார் பதில் சொல்லும். பதிலுக்கு முன் அவன் விடும் மௌனம்தான் எனக்குப் பிடித்தது.

அந்த மௌனம் ஒரு குறை என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு காபிக் கடையில் வாசிக்க அவனுக்குக் கொள்ளை ஆசை. கடைக்காரி ரூத் கேட்டுப் பார்த்துவிட்டு, நீ வாய் திறந்தால் கட்டைவிரல் நின்றுவிடுகிறது என்று அனுப்பிவிட்டாள். கடைசியாக ஒருமுறை, கூட்டத்துக்கு முன்னால் வாசித்தால் கேட்கிறேன் என்றாள். அவனுக்கு எங்களை விட்டால் ஏது கூட்டம்? ரூத் முதல் வரிசையில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தாள்.

சிறப்பு விருந்தினருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. பாட்டு முடிந்ததும் அவர் கையால் வெள்ளியங்கிரிக்குப் போர்த்தலாம் என்று சங்கச் செயலாளர் மகாதேவன் அவரை மேடையோரம் பொன்னாடையோடு நிறுத்தியிருந்தார். வெள்ளியங்கிரி முதல் வரியைப் பாடினான். வழக்கம்போல் விரல் நின்றது. ரூத் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்துவிட்டது என்று மகாதேவன் விருந்தினரை மேடைக்குத் தள்ளினார். பொன்னாடை அவன் தோளோடு கிட்டாரையும் மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

முடியவில்லை என்று காட்ட, துணிக்கு அடியில் கட்டைவிரலால் தாளத்தைத் தட்டத் தொடங்கினான்.

"பாட்டு இன்னும் முடியலீங்க சார்."

"அதனாலென்ன, நீங்க பாட்டுக்கு வாசிங்க. கேமராவப் பாருங்க," என்றார் மகாதேவன்.

"எத்தன போட்டோங்க?"

"ஒண்ணே ஒண்ணு. இருங்க, ஃப்ளாஷ் வேலை செய்யல."

விரல் நிற்கவில்லை. பேசினான், கும்பிட முடியாமல் தலையாட்டினான், மூன்றாவது ஃப்ளாஷுக்குச் சிரித்தான். அப்படியே இரண்டாவது வரியைப் பாடினான். ரூத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

பாடும்போது யாரோடாவது வாக்குவாதம் செய்வதாக நினைத்துக்கொள், வெள்ளிக்கிழமை வந்துவிடு என்றாள்.

சிறப்பு விருந்தினர் விமானத்தைத் தவறவிட்டு எங்கள் வீட்டில் தங்கினார். வெள்ளியங்கிரி இரண்டாயிரத்தொன்றில் வேலை போகும்வரை அந்தக் கடையில் வாசித்தான். இப்போது சான் ரமோனில் இருக்கிறான். ரூத் கடையை விற்றுவிட்டு ஹூஸ்டனில் மகளோடு இருக்கிறாள். மகாதேவன் இன்னும் செயலாளர்தான்.