தேதி முடிந்த கோப்புகள்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நின்றது. ஏதோ ஒரு கோப்பு காணாமல் போயிருக்கிறது, அல்லது கெட்டுப்போயிருக்கிறது. ஆகவே எழுந்திருக்க முடியாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பொத்தானை அழுத்திப் பிடித்து அதை அணைத்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். மின்விசிறி முனகியது, பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது, பிறகு அதே வரி. இத்தனை முறை போட்டும் அது ஓர் எழுத்துகூட மாற்றிச் சொல்லவில்லை.

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் அவருடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பயப்பட்டிருக்க மாட்டார். அது அவர் மனைவியுடையது. வீட்டின் பின்னறையில் ஜன்னலோரமாக அவளுடைய எம்பிராய்டரி மெஷின் நின்றது. அதற்கு எந்தப் பூவை எங்கே எந்த நூலில் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது இந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். வேறு எந்தக் கம்ப்யூட்டர் சொன்னாலும் மெஷின் கேட்காது. மெஷினின் சட்டத்தில் இப்போதும் ஒரு துணி இறுக்கப்பட்டிருந்தது. அவளுடைய அக்கா மகளின் கல்யாணத்துக்கான மேலாடை. கொடி ஓடி, இலை விட்டு, குருவிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கடைசிக் குருவிக்கு மட்டும் இன்னும் தலை வரவில்லை.

மனைவி அந்தத் துணியை அப்படியே நிறுத்திவிட்டு, அளவு சரிபார்க்க அக்கா வீட்டுக்குக் காலையில் கிளம்பிப் போயிருந்தாள். கிளம்பும்போது அவள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் வினை ஆரம்பித்தது.

"இந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குதுங்க. ஒரு பூவைத் திறக்கறதுக்குள்ள நான் சமையலையே முடிச்சிடலாம்."

கடைக்கு அன்று விடுமுறை. அவள் திரும்பி வருவதற்குள் அதை ஓட்டமாக ஓட வைத்து அவளை அசத்திவிட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரருக்கு ஆசை வந்தது. பாவம், ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கடையில் அலமாரி அடைத்துக்கொண்டால் என்ன செய்வார்? மருந்துகளைத் தேதி பார்த்து அடுக்குவார். பழையதை எடுத்துக் கழிப்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். அவர் கையில் சாக்கோடு ஒரு சுற்று வந்தால், அலாரம் கடிகாரம் முதல் பாதி தீர்ந்த பொத்தான் டப்பா வரை எல்லாம் வாசலுக்குப் போய்விடும். மனைவி வீட்டார் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் துடைப்பம். அது அவருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டரிலும் கோப்புகளைத் தேதிப்படி அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே பல வருஷத்துக்கு முந்தைய தேதியோடு வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. ஒருவரும் தொட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். கம்ப்யூட்டர் நடுவில் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னார். அது பாதியில் உறைந்து நின்றபோது பொத்தானை அழுத்தி அணைத்தார். அதற்குப் பிறகு அது கண் திறக்கவில்லை.

மச்சினனுக்கு ஃபோன் போட்டார். மனைவியின் தம்பி, ஆபீஸ்களுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். கதையை அவன் கடைசிவரை கேட்டான்.

"தேதி பார்த்தா அழிச்சீங்க?"

"ஆமாம்ப்பா. பழசா இருந்துச்சு."

"அத்தான், அந்தக் கம்ப்யூட்டர் நடக்கறதே அந்தப் பழசை ஊன்றித்தான். நல்லவேளை, உங்களை எந்த ஆஸ்பத்திரியிலயும் வேலைக்கு எடுக்கல. வயசானவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க."

வந்துவிட்டான். தோள்பையை இறக்கினான், திரையை ஒரு பார்வை பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரை வேறு வழியாக எழுப்பினான். திரையில் ஏதேதோ கோப்புறைகள் தெரிந்தன. மருந்துக்கடைக்காரருக்கு உயிர் வந்தது.

"அவ போட்ட டிசைன் எல்லாம் இருக்கா?"

"இருக்கு. முதல் வேலையா காப்பி எடுத்துடறேன். ஆனா சந்தோஷப்படாதீங்க. இதைத் திறக்கற சாஃப்ட்வேர் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. செஞ்ச கம்பெனியே மூடிட்டாங்க. இதைச் சுத்தமா துடைச்சிட்டுப் புதுசா ஏத்தினா அது போயிடும். அப்புறம் இந்தக் கோப்பெல்லாம் பூட்டுப் போட்ட பெட்டி மாதிரிதான். உள்ள இருக்கும், எடுக்க முடியாது."

மருந்துக்கடைக்காரர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். வேண்டுமானால் மறுபடி வரைந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட முடியாது. அவள் அத்தனை டிசைனையும் மணிக்கட்டு நன்றாக இருந்த காலத்தில், ஒவ்வொரு தையலாக, சுட்டியைப் பிடித்து வரைந்தவள். இப்போது அந்தக் கை ஒரு பாட்டில் மூடியைத் திருகவே யோசிக்கிறது. ஊசியில் நூல் கோக்கவும் முடிவதில்லை. தினமும் கடை மூடி வந்ததும் மறுநாளைக்கு வேண்டிய ஊசிகளுக்கெல்லாம் அவர்தான் கோத்து வைப்பார். அவளை அவர் ஊசி என்று கூப்பிடுவதும் அந்த நாளிலிருந்துதான். அந்தப் பெயருக்கு அவள் நாக்கும் ஒரு காரணம்.

"வேற வழி?"

"இருக்கு. துடைக்காம, மேலயே ரிப்பேர் பண்ணலாம். காணாமப் போனதை மட்டும் அது திரும்பப் போட்டுக்கும். சாஃப்ட்வேர் இருந்த இடத்துலயே இருக்கும். அதுக்கு இதோட வந்த டிஸ்க் வேணும். நடுவுல ஒரு நீள நம்பரும் கேக்கும். பெட்டி பக்கத்துல ஸ்டிக்கர்ல போட்டிருப்பாங்களே."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்டிக்கர் இருந்த இடம் பளிங்கு போல இருந்தது.

"பிசுபிசுன்னு அழுக்கா இருந்துச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக. "ஸ்பிரிட் போட்டு எடுத்துட்டேன்."

மச்சினன் நாற்காலியில் சாய்ந்து மேலே கூரையைப் பார்த்தான். "அப்போ ஒரிஜினல் டிஸ்க்கோட உறைதான் கதி. அதுல அந்த நம்பர் இருக்கும். எங்க வச்சிருக்கீங்க?"

அவர் கண் மேசைப் பக்கம் போனது. பதில் அவருக்குத் தெரியும். போன முறை சாக்கு எடுத்தபோது இந்த மேசையின் இழுப்பறையை அவர்தான் காலி செய்தார்.

"அக்காகிட்ட கேளுங்க," என்றான் மச்சினன்.

"அவளுக்குத் தெரியக் கூடாதுப்பா."

"தெரியாம எப்படி?"

போன முறை சாக்கில் மனைவியின் வளைந்த கத்திரிக்கோலும் போய்விட்டிருந்தது. அன்று அவள் சண்டை போடவில்லை. "இன்னொரு தடவை என்னைக் கேக்காம என் சாமானைத் தொட்டீங்கன்னா, நான் உங்களோட பேசவே மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். சொன்னால் செய்வாள். அவளுடைய கோபத்தோடு அவர் எத்தனையோ நாள் குடித்தனம் செய்திருக்கிறார். அது வெயில் மாதிரி, சாயங்காலம் இறங்கிவிடும். அவளுடைய மௌனத்தோடு ஒரு வேளை சாப்பிடவும் அவரால் முடியாது.

ஃபோனை எடுத்தார். வைத்தார். தலையில்லாத குருவியைப் பார்த்தார். மறுபடி எடுத்தார்.

"சொல்லுங்க," என்றாள். பின்னால் அக்கா வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? பாலைப் பொங்க விட்டுட்டீங்களா?"

"ஊசி, உன் கம்ப்யூட்டரை நான்தான் கெடுத்துட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தேதி பார்த்தது, அழித்தது, அணைத்தது, ஸ்டிக்கர், எல்லாம். சிரிப்புச் சத்தம் தூரமாகப் போனது. அவள் வேறு அறைக்கு நடக்கிறாள் என்று புரிந்தது. கதவு சாத்தும் ஒலி. பிறகு ஒன்றுமே இல்லை. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

"இருக்கியா?"

"டிஸ்க் உங்க பேட்மிண்டன் பையில இருக்கு," என்றாள். ஃபோன் வைக்கப்பட்டது.

அலமாரிக்கு மேலே அந்தப் பை படுத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதைத் தொட்டதில்லை. தூக்கிப் போட்டதும் இல்லை. வீட்டிலேயே தேதி பார்க்கப்படாத பொருள் அது ஒன்றுதான். ஸ்டூல் போட்டு இறக்கி ஜிப்பை இழுத்தார். நரம்பு அறுந்த இரண்டு மட்டைகள். அவற்றுக்குக் கீழே அலாரம் கடிகாரம். பொத்தான் டப்பா. வளைந்த கத்திரிக்கோல். அவர் வாசலில் கொண்டுபோய் வைத்த ஒவ்வொரு சாக்கிலிருந்தும் வேண்டியதை அவள் திரும்ப எடுத்து, அவர் கை நீளாத ஒரே இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறாள். கத்திரிக்கோல் கிடைத்ததைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

மச்சினன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அத்தான், எங்க அக்காவோட லாக்கருக்கு இவ்வளவு நாளா நீங்கதான் வாட்ச்மேன்."

அடியில் மஞ்சளேறிய ஒரு கைக்குட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மெஷின் வந்த புதிதில் அவள் போட்ட முதல் குருவி, ஒரு பக்கமாகச் சரிந்து குடிகாரன் மாதிரி நின்றது. வெகு நாள் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கறை படிந்ததும் அவரே எறிந்தது. அந்தக் கைக்குட்டைக்குள் டிஸ்க். அதன் உறையின் பின்பக்கம் அந்த நீள நம்பர்.

டிஸ்க் சுழன்றது. நீலத் திரை வந்தது. பழுது பார்க்க ஒரு எழுத்தை அழுத்து என்று முதல் வரியிலேயே இருந்தது. மருந்துக்கடைக்காரர் விரல் தானாக நீண்டது. மச்சினன் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தான்.

"அது வேற. நமக்கு வேண்டியது அடுத்த திரைல வரும். பழசை அது கண்டுபிடிச்சாத்தான் வரும். கண்டுபிடிக்கலைன்னா, புதுசா ஏத்தட்டுமான்னு மட்டும்தான் கேக்கும்."

திரை தேடியது. மருந்துக்கடைக்காரர் நகத்தைக் கடித்தார். அவர் எதையெல்லாம் அழித்தார் என்று அவருக்கே தெரியாது. அது கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாரா? அடுத்த திரை விழுந்தது. பழைய நிறுவல் ஒன்று இருக்கிறது, பழுது பார்க்கட்டுமா என்று கேட்டது. மச்சினன் விரலை உயர்த்தி, அவர் முகத்தைப் பார்த்து, எழுத்தை அழுத்தினான்.

மஞ்சள் கோடு ஊர்ந்தது. பாதியைத் தாண்டியதும் நின்றது. ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயன்றாலும் அதேதான். டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தான். ஓரத்தில் பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது.

"குடு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவர் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து வந்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல், நேர்கோடாகத் துடைத்தார். ஊசி போடும் முன் குழந்தையின் கையைத் துடைப்பது போல இருந்தது அது. காலையிலிருந்து அவர் கை நடுங்காமல் செய்த ஒரே வேலை அதுதான்.

"வட்டமா தேய்ப்பீங்கன்னு நினைச்சேன்," என்றான் மச்சினன்.

"துடைக்கறதுல எனக்குப் பாடம் எடுக்காதே."

கோடு மீண்டும் ஊர்ந்தது. நம்பர் கேட்டது, உறையைப் பார்த்து அவர் படிக்க, அவன் தட்டினான். கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. கறுப்புத் திரை. ஒரு வரியும் இல்லை. வெறும் கறுப்பு.

பிறகு வெளிச்சம் வந்தது. அவள் வைத்திருந்த பச்சைப் புல்வெளிப் படம், அதன் மேல் அவளுடைய சின்னச் சின்னப் படங்கள், வைத்தது வைத்தபடி.

அவர் திரும்பினார். வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், தோளில் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"வாக்கா," என்றான் தம்பி, எழுந்து இடம் விட்டு. "எல்லாம் இருக்கு. நீயே பாரு." பையைத் தூக்கிக்கொண்டு, வாசலுக்குப் போகும் வழியில் அத்தானின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவள் உட்கார்ந்தாள். கணவரைப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேரைத் திறந்தாள். கொடிகள் வந்தன, தாமரைகள் வந்தன, ஓர் ஓரத்தில் சரிந்த குருவியும் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். அவர் சுவரோரமாக, தலைமை ஆசிரியர் அறையில் நிற்கும் பையன் மாதிரி நின்றார். ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். திட்டினால்கூடப் போதும். அவள் கல்யாணத் துணியின் கோப்பைத் திறந்தாள். நிறுத்திய தையலில் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தானைத் தட்டினாள்.

மெஷின் ஒரு கணம் யோசித்தது. சட்டம் இடப்பக்கம் நகர்ந்தது, கொஞ்சம் கீழே இறங்கியது, நின்றது. ஊசி இறங்கியது. கழுத்து விட்ட இடத்திலேயே, நூல் பிசகாமல், குருவிக்குத் தலை வளர ஆரம்பித்தது. அவள் தோள் இறங்குவதை அவர் பின்னாலிருந்து பார்த்தார். ஆனாலும் அவள் பேசவில்லை.

தலை முடிந்ததும் மெஷின் நின்றது. அலகுக்கு நூல் மாற்ற வேண்டும். அவள் சிவப்பு நூற்கண்டை எடுத்தாள், நுனியை ஊசிக் காதுக்குக் கொண்டுபோனாள். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு நூல் நுனியைத் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக நீட்டினாள்.

அவர் பாய்ந்து வந்து வாங்கினார். தினமும் கோக்கும் ஊசிதான். ஆனால் காலையிலிருந்து பட்ட பாட்டில் விரல் உதறியது. நூல் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையும் தேதி முடிஞ்சு போச்சா?" என்றாள். "இல்ல, சொல்லுங்க, அதையும் பேட்மிண்டன் பையில எடுத்து வச்சிடறேன்."

நூல் காதுக்குள் போனது.