மாமா கடை சர்வர்

அக்காவைக் கட்டிக்கொண்டவர் நல்லவர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் சின்னவள் என்றைக்கோ நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். இந்த மனிதரோ கேட்காமலே கொடுப்பார், கொடுத்ததைச் சொல்லியும் காட்டமாட்டார். அப்படிப்பட்டவரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

கதை ஆரம்பித்தது ஒரு செயலியில். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்காகச் சின்னவளும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து எழுதியது. போனில் தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் ‘தண்ணி வேணும்’ என்று போன் பேசும். யாருக்கும் சம்பளம் கிடையாது. நிரலைத் திறந்தே வைத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். ஆனால் படங்களும் குரல்களும் குடியிருக்க ஒரு சர்வர் வேண்டுமே! இலவசமாக இடம் தருகிறோம் என்றவர்கள் எல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் கடையைச் சாத்தினார்கள். ஒவ்வொரு முறையும் செயலி அம்போ என்று நின்றது.

“நம்ம கடை எதுக்கு இருக்கு?” என்றார் மாமா.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை அவருடையது. பின்னறையில் ஒரு மெஷினை ஒதுக்கிக் கொடுத்தார். இணைய முகவரியையும் தன் பெயரிலேயே பதிந்து கொடுத்தார். சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றிக்கடனில் முதல் தவணை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

அந்த மெஷின் சூடு தாங்காமல் அடிக்கடி உறைந்து நிற்கும். யாராவது போய் நிறுத்தி ஓடவிட வேண்டும். வெளியாள் பின்னறைக்குள் நுழைவது மாமாவுக்குப் பிடிக்காது. ஆகவே சின்னவள் போவாள். போனவளிடம், “வந்ததுதான் வந்தே, அப்படியே இந்த பில்லைப் போட்டுடு சின்னு” என்பார். அப்புறம் சரக்குக் கணக்கு. அப்புறம் வாடிக்கையாளர் புகார். இப்போது காலையில் ஷட்டரைத் தூக்குவதே அவள்தான். வெளியூரில் கிடைத்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கைகழுவியாயிற்று. இந்த முறை வந்திருப்பது அவள் கனவு கண்ட வேலை. காது கேளாதவர்களுக்குக் கருவி செய்யும் இடம். சர்வருக்கு வேறு வீடு பார்த்துவிட்டால் போய்விடலாம். பார்க்காமல் போனால், மெஷின் உறைகிற அன்று எங்கெங்கோ இருக்கிற ஊமை வாய்கள் எல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும்.

வீடும் கிடைத்தது. செயலிக்கு உழைக்கிறவர்களில் தாடிக்காரன் என்று ஒருவன். அவன் அலைந்து திரிந்து ஒரு பல்கலைக்கழக நூலகத்தைப் பிடித்துவிட்டான். ஓயாமல் ஓடும் மெஷின், பார்த்துக்கொள்ள ஆட்கள், எல்லாம் இலவசம். ஒரே நிபந்தனை, இணைய முகவரி தனியாள் பெயரில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் குழுவின் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு.

“மாமாவைக் கெஞ்சுவானேன்? புது முகவரி வாங்கிடலாமே?” என்று போனில் கேட்டான் தாடிக்காரன்.

“பழைய போன் வெச்சிருக்கவங்க என்ன பண்ணுவாங்க? அதுல புதுப் பதிப்பு ஏறாது. அந்த போனெல்லாம் மாமா கடைக் கதவைத்தான் தட்டிட்டு நிக்கும்.”

“முகவரியை மாத்திக்க அதுல ஒரு கட்டம் வெச்சிருப்போமே?”

“இல்ல. கோட்லயே நேரா எழுதி வெச்சிருக்கு.”

“எந்தப் புண்ணியவான் வேலை அது?”

“நான்தான். குடும்ப முகவரி, எங்க மாறப்போகுதுன்னு நினைச்சேன்.”

அவன் விட்ட பெருமூச்சு போனில் நன்றாகக் கேட்டது.

மாமாவிடம் கேட்டாள். “குடுத்துட்டாப் போச்சு, அதுக்கென்ன!” என்றார். மறுநாள் கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார். அதற்கு மறுநாள் தலைவலி. மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் மனசு இழுத்தடித்தது. அக்காவிடம் போய் அழுதாள்.

“ஏன்டி, அவர் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கார்?” என்றாள் அக்கா.

இல்லைதான். கட்டிப்போட்டிருந்தால் அவிழ்க்கவாவது பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அதிசயம் நடந்தது. மாமா தானாகவே வந்து உட்கார்ந்து, கடவுச்சொல்லைப் போட்டு, முகவரியை மாற்றும் பக்கத்தைத் திறந்தார். ‘மாற்றச் சம்மதமா?’ என்று திரை கேட்டது. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். கணவர் தச்சர். வலது கை தொங்கிக்கிடந்தது. இடது கையால் ஒரு பழைய போனை விரல் நோகக் குத்திக்கொண்டிருந்தார்.

“காலையிலிருந்து போன் பேச மாட்டேங்குதுங்க” என்றாள் மனைவி. “இவருக்கு வாயே அதுதான். செயலிப் பக்கத்துல இந்தக் கடை பேரு போட்டிருந்துச்சு, அதான் ஓடி வந்தோம்.”

“பேட்டரியா இருக்கும், குடுங்க” என்று மாமா கை நீட்டினார்.

பேட்டரி இல்லை என்று சின்னவளுக்குத் தெரியும். பின்னறைக்கு ஓடினாள். சுவருக்கு வெள்ளையடிக்க மாமாவே வரவழைத்திருந்த ஆள் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மேலே துணியும் போர்த்தியிருந்தான். மாட்டினாள். மெஷின் முனகி எழுந்தது.

அவள் திரும்பி வந்தபோது தச்சர் ஒரு படத்தைத் தொட்டார். “எனக்குக் கோபம்” என்றது போன். அடுத்ததைத் தொட்டார். “நீ சொன்னது தப்பு.”

“அடப்பாவி மனுஷா! இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து அந்தத் தவிப்பா?” மனைவி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தச்சர் விடாமல் அதையே இன்னொரு முறை தொட்டார்.

மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். “சின்னு, இது உன் குரல்.”

“ஆமா மாமா. அப்போ குரல் குடுக்க வேற ஆள் கிடைக்கல.”

“பின்னாடி என்னமோ ஓடுதுன்னு தெரியும். இதுன்னு தெரியாதே.” அவர் தச்சரின் போனையே பார்த்தார். “இதையா நான் யாருக்கோ தூக்கிக் குடுக்கப் பார்த்தேன்?” என்று கேட்டபடியே திறந்திருந்த பக்கத்தை மூடினார். “இது நம்ம குடும்பத்துக்குக் கிடைச்ச பேறு. நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கடையை விட்டுப் போகாது. பின்னறைக்கு ஏசி போடுறேன். புது மெஷின் வாங்குறேன். உனக்குத் தனி மேஜை, சரியா?”

“மாமா, நான் வந்து...”

“நீ ஒண்ணும் சொல்லாதே. உன் மனசு எனக்குப் புரியுது.”

என்ன புரிந்ததோ! தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறவரிடம் என்னத்தைச் சொல்ல? வாய்வரை வந்தது, அவள் விழுங்கினாள்.

தச்சர் தேடித் தேடி ஒரு படத்தைத் தொட்டார்.

“எனக்கு இங்கிருந்து போகணும்” என்றது சின்னவளின் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி.

“அடடா, எவ்வளவு தெளிவா சொல்லுது பாரு!” என்று மாமா பூரித்துப்போனார்.

மனைவி தச்சரின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் அடுத்த வாடிக்கையாளர் வந்து நின்றார். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு பில் எழுத உட்கார்ந்தாள்.