பாப்பாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் எப்போதும் ஒரு துண்டு கட்டியிருக்கும். துடைப்பதற்கு இல்லை, அழகுக்கும் இல்லை. வெறுங்கையால் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும், அதற்காக. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் சமையலறையைச் சுற்றிக் காட்டினார். சர்க்கரை இந்த டப்பா, உப்பு அந்த டப்பா, ஃப்ரிட்ஜைத் துண்டோடு பிடி, வாஷிங் மெஷினைத் தொடும் முன்னால் செருப்பைப் போட்டுக்கொள். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். உப்பையும் ஷாக்கையும் ஒரே மூச்சில் சொல்கிற வீட்டில் வாழ வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதே திக்கென்றது.

"ஏன் அத்தை, இதைச் சரி பண்ணக்கூடாதா?"

"உங்க மாமாகிட்ட கேளு."

கேட்டேன். மாமா, அதாவது என் மாமனார், பஸ் டிப்போவில் மெக்கானிக்குகளை மேய்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வெளி ஆளை விடமாட்டார். இந்த வீட்டு ஒயரிங் முழுக்க அவர் கையால் இழுத்தது.

"அது லேசான கரண்ட்டும்மா. ஆளை ஒண்ணும் பண்ணாது. செருப்பைப் போட்டுக்கோ," என்றார்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அத்தை சமையலறையில் நாள் முழுக்க ரப்பர் செருப்போடுதான் நிற்பார். காலின் மேல் பக்கம் செருப்பு வாரின் தடம் பதிந்துபோயிருக்கும். என் கணவரிடம் சொன்னால், "அப்பாகிட்ட நான் பேசுறேன்," என்பார். பேசுவார். பேசிவிட்டு வந்து, "செருப்பைப் போட்டுக்கோயேன்," என்பார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வேலையே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். மின்சார உதவி மையத்தில் காதில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜனங்கள் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியும் ஓவனும் போடலாமா? போடாதீங்க. சுவிட்ச் போடும்போது உள்ளே பொறி பறக்குது, பரவாயில்லையா? பரவாயில்லைன்னு விடாதீங்க, மாத்துங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுது, தடியான கம்பி சுத்தலாமா? சுத்தினா ஃபியூஸ் போகாது, வீடு போயிடும். ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுது, எடுத்து விட்டுடலாமா? கரண்ட் கசிஞ்சா விழுறதுதான் சார் அதோட வேலை, அது ஏன் விழுதுன்னு பாருங்க.

ஃப்ரிட்ஜில் ஷாக் அடிக்கிறது என்று யாராவது கேட்டால் மட்டும் என் குரல் ஏறிவிடும். "முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க! லேசா அடிக்குதுன்னு விட்டுடாதீங்க! லேசு, பலம்னு கரண்ட்டுக்குக் கணக்கு கிடையாது!" என்று கத்துவேன். பக்கத்து சீட்டு அக்கா தன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "கேக்குறவங்க மேல ஏன்டி பாயுற?" என்பார். யார் மேல் பாய வேண்டுமோ அவர் மேல் பாய முடியவில்லையே, வேறென்ன செய்வது?

அவர் மேல் பாயாமலும் இல்லை. சுவர்ப் பெட்டியில் இருந்த ட்ரிப் சுவிட்சைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேன், "இது இருந்தும் ஏன் மாமா விழமாட்டேங்குது?" மாமா பெருமையாகச் சிரித்தார். கீழ்க் குளியலறையில் ஹீட்டர் மாட்டிய நாளிலிருந்து அது விழுந்துகொண்டே இருந்ததாம். மனிதர் பொறுத்துப் பார்த்திருக்கிறார், பிறகு அதற்கு வந்த ஒயரையும் அதிலிருந்து போன ஒயரையும் நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டாராம். "அதுக்கப்புறம் ஒரு தடவை விழணுமே!" என்றார். கத்துகிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடனே வருவதில்லை என்று மார்தட்டுகிற ஆளிடம் என்ன பேசுவது? இருந்தாலும் பேசினேன். "ஆபீஸ்ல படிச்சுக் காட்டுறதை வீட்டுல ஒப்பிக்காதே," என்று ஒரே போடாகப் போட்டார். நடுவில் ஃப்ரிட்ஜையே மாற்றினார். புது ஃப்ரிட்ஜும் அடித்தது. "இப்ப வர்ற ஃப்ரிட்ஜ் எல்லாமே இப்படித்தான்," என்று சொல்லிப் பழைய துண்டை எடுத்துப் புதுக் கைப்பிடியில் கட்டினார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தி எழுந்து நிற்கத் தொடங்கினாள்.

பாப்பா முதலில் சோபாவைப் பிடித்து நின்றாள். பிறகு நாற்காலி, பிறகு என் சேலைத் தலைப்பு. பிடித்து நிற்க வாகாக எது கிடைத்தாலும் விடமாட்டாள். அந்த வாரத்தில் அவள் பார்வை ஃப்ரிட்ஜின் மேல் விழுந்தது. தவழ்ந்து போய், கீழ்க்கதவின் விளிம்பில் கையை வைக்கப் போன நொடியில் அத்தை பாய்ந்து தூக்கினார். தூக்கிய அவசரத்தில் அத்தையின் முழங்கை ஃப்ரிட்ஜில் பட்டு, அவர் உதறிய உதறலில் பாப்பா வீறிட்டு அழுதாள். அத்தை அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல," என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இனிமேலாவது மாமா ஏதாவது செய்வார் என்று நம்பினேன். செய்தார். மறுநாள், சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. காலையில் கடைக்குப் போய்விட்டு வந்தவர் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கழன்று விழாமல் இருக்கக் குதிகாலில் ஒரு பட்டை. மாமா முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, பாப்பாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தார்.

"இனிமே என் செல்லம் எங்க வேணாலும் போகலாம்," என்றார்.

அன்பாகத்தான் செய்தார். கடை கடையாக ஏறி இறங்கி அந்த அளவைத் தேடியிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டின் ஷாக்கை அவர் என் மகளுக்கும் எழுதி வைத்துவிட்டார்.

நான் நேராகப் போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். பெட்டியைத் திறந்து, பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மின்விசிறி இரண்டு சுற்று தயங்கிச் சுற்றிவிட்டு நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு முறை உடம்பை உலுக்கி அடங்கியது.

"என்னம்மா பண்ற?" என்றார் மாமா.

"ஒயர்மேன் வந்து எல்லாத்தையும் பாக்குற வரைக்கும் இந்த வீட்டுல கரண்ட் கிடையாது மாமா."

"இது என் வீடு!"

"பாப்பா என் பொண்ணு."

மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்னாச்சு, கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

"போகல, உன் மருமக ஃபியூஸைப் பிடுங்கி வச்சிருக்கா," என்று மாமா அத்தையைப் பார்த்துக் கத்தினார். மகன் கேட்டதற்கு மனைவியிடம் பதில் சொல்வது அவர் வழக்கம். "அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு!"

அத்தை என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். பிறகு துடைத்த மேடையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

வெயில் ஏற ஏற வீடு அடுப்பு மாதிரி கொதித்தது. மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது, மோட்டார் போட வழியில்லை. என் கணவர் விசிறிக்கொண்டே, "சாயங்காலம் வரைக்குமாவது குடேன், நான் அப்பாகிட்ட பேசுறேன்," என்றார்.

"நீங்க பேசிப் பேசித்தான் பாப்பா செருப்பு போட்டுட்டு உக்காந்திருக்கா," என்றேன். அவர் பாப்பாவைப் பார்த்தார். அவள் ஒரு செருப்பைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

நான் மசியவில்லை. மாமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தார், கத்திப் பார்த்தார், பேசாமலும் இருந்து பார்த்தார். கடைசியில் செல்போனை எடுத்தார்.

"இவ ஒருத்திதான் எல்லாம் தெரிஞ்சவளா? அங்க வேற ஆள் இருக்கும்ல, கேக்குறேன். எல்லாரும் கேளுங்க," என்று ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் உதவி மையத்துக்கேதான் அடித்தார்.

"வணக்கம், மின்சார உதவி மையம். சொல்லுங்க சார்."

பக்கத்து சீட்டு அக்காவின் குரல். அவருக்கு இது யார் வீடென்று தெரியாது.

"ஒண்ணுமில்லம்மா, சின்னச் சந்தேகம். ஃப்ரிட்ஜுல லேசா அடிக்குது. ரொம்ப இல்ல, லேசா. செருப்பு போட்டுட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியாது. அது பரவாயில்லதானே?"

"முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க சார்."

"ஆஃப்லதான் இருக்கு. நான் பண்ணல..."

"யார் பண்ணாங்களோ அவங்க நல்லா இருக்கட்டும். ட்ரிப் சுவிட்ச் இருக்கா சார் வீட்டுல?"

"இருக்கு." மாமா தொண்டையைக் கனைத்தார். "இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

அப்போது அத்தை கையிலிருந்த துணியை மேடையில் போட்டுவிட்டு வந்து, போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ம்மா, நானும் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"பாத்ரூம் குழாயிலயும் அடிக்குதும்மா. தலையில சோப்பு போட்டுக் கண்ணை மூடிட்டு, கையால குழாயைத் தேடுவோம் இல்லையா, அப்ப புடிச்சு இழுக்கும். ஒரு தடவை கீழ விழுந்துட்டேன். அதுக்கும் செருப்பு போட்டுக்கிட்டாப் போதுமா, இல்ல வேற ஏதாவது பண்ணணுமா?"

இது எனக்குத் தெரியவே தெரியாது. எங்களுக்கு மாடியில் தனிக் குளியலறை, அங்கே ஹீட்டர் கிடையாது. மாமா பின்பக்கத் தொட்டியில் குளிப்பவர். கீழ்க் குளியலறை அத்தைக்கு மட்டும்தான். அத்தை இடறி விழுந்ததாகச் சொல்லி ஒரு முறை நான்தான் அவர் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

"அம்மா," என்றார் அக்கா, குரல் மாறியிருந்தது. "நீங்க அந்த பாத்ரூமுக்குள்ளயே போகக் கூடாதும்மா. எவ்வளவு நாளா இப்படி?"

"பழைய ஃப்ரிட்ஜ் இருந்தப்பலேர்ந்தே," என்றார் அத்தை.

மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். "எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே."

"எப்ப?"

"விழுந்த அன்னைக்கே சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. செருப்பைப் போட்டுக்கோன்னீங்க." அத்தை நிமிர்ந்தார். "அன்னையிலிருந்து செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் குளிக்கிறேன். யாரு கேட்டீங்க? அதான் தெரியாத பொண்ணுகிட்ட கேட்டேன். அவளாவது காது குடுத்துக் கேட்டா."

என் கணவர் அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், ஒயர்மேனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒயர்மேன் மீட்டரை வைத்து வீடு முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோளாறு ஃப்ரிட்ஜில் இல்லவே இல்லை. ஹீட்டரில் இருந்தது. சுவிட்சை அணைத்தாலும் அதற்குள் கரண்ட் நிற்கும்படி ஒயர் மாறியிருந்தது. முன்பக்கம் சிமெண்ட் போட்டபோது மண்ணுக்குள் போகும் எர்த் கம்பியும் அறுந்திருந்தது.

"கசியுற கரண்ட் மண்ணுக்குப் போகணும். போக வழியில்லாம எர்த் ஒயர் வழியாவே உங்க வீட்டுப் பொருள் எல்லாத்துலயும் ஏறி உக்காந்திருக்கு," என்றார். பிறகு ட்ரிப் சுவிட்சைக் கழற்றியவர், முறுக்கிக் கிடந்த ஒயரைப் பார்த்து, "இது யாரு செஞ்ச வேலை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன், "நான்தான்," என்றார் மாமா. டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டு நின்றார், வேலை முடியும்வரை கையைத் தாழ்த்தவில்லை.

ஹீட்டரைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். புது எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கியது. புது ட்ரிப் சுவிட்ச் ஏறியது. ஒயர்மேன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார், டப்பென்று விழுந்தது. விழுகிற சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இடுப்பிலிருந்து ஃபியூஸை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை என்னிடமே திருப்பி நீட்டினார். "நீயே போடும்மா," என்றார். போட்டேன்.

மின்விசிறி சுற்றியது. ஃப்ரிட்ஜ் உறுமியது. ஒயர்மேன் மீட்டரைக் கதவில் வைத்து, தன் கையையும் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அத்தை சமையலறை வாசலில் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு ஈரத்தரையில் நடந்து போய்த் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தொட்டார். பிறகு கண்ணைத் திறந்தார். கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். உள்ளே ஒன்றும் எடுக்கவில்லை.

பாப்பா தவழ்ந்து வந்து பக்கத்தில் கதவு விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றாள். அவள் காலிலும் செருப்பு இல்லை.

மாமா கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா? "போதும், மூடு. கரண்ட் வீணாப் போகுது," என்றார்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போகட்டும்," என்று சொல்லிக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்.